காலைப் பழக்கம் ஏன் பாதியில் நிற்கிறது?

ஜனவரி முதல் வாரத்தில் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு விடிகாலையில் போய்ப் பாருங்கள். காந்தி சிலைப் பக்கம் புது ஷூ போட்டவர்கள் நிறையப் பேர் நடப்பார்கள். பொங்கல் கழிந்ததும் பழைய முகங்கள்தான் மிச்சம். விட்டவர்களைக் கேட்டால், “மன உறுதி போதவில்லை” என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலும் தொடங்கிய விதம்தான் தப்பாக இருக்கும்.

அலாரத்தை மட்டும் மாற்றுவது முதல் தப்பு. ஆறரைக்கு எழுந்து பழகியவர், நாளையிலிருந்து நாலரை என்று முடிவு செய்கிறார். படுப்பதோ அதே பதினொன்றரைக்கு. ஐந்து மணி நேரத் தூக்கத்தில் நாலைந்து நாள் ஓட்டலாம், அப்புறம் உடம்பு கேட்காது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ஐந்துக்கு எழ ஆசைப்பட்டால் பத்துக்கு முன்பே கண் மூட வேண்டும்; அதற்கு ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிவாக்கில் முடிய வேண்டும். ஒரேயடியாக இழுக்காமல், படுக்கும் நேரம், எழும் நேரம் இரண்டையும் வாரத்துக்குக் கால் மணி நேரமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மாலைக் காபியையும் கவனியுங்கள். உடம்பில் சேர்ந்த காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கும்.

வாரம் முழுக்க ஐந்துக்கு எழுந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வரை தூங்கினால், திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் 2017-இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வதில் காலை வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். புதுச்சேரியிலும் சரி, கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலும் சரி, சூரியன் நேராகக் கடலிலிருந்து எழுகிறது. ஜூனில் ஐந்தேமுக்காலுக்கே வெளிச்சம் வந்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும். படுக்கையிலேயே போனைப் பார்த்துக்கொண்டு அந்த நேரத்தைக் கழிப்பது பெரிய நஷ்டம். கடற்கரைச் சாலையில் ஏழரைக்கு மேல் வண்டிகளை விட்டுவிடுவார்கள், வெயிலும் ஏறிவிடும்.

மாத்திரை விஷயத்தில் நடக்கும் தவறுகள் பலருக்குத் தெரிவதே இல்லை. தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறார்கள். காபி, மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் தண்ணீரில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டிபன் எல்லாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் இருந்தால் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் வேகநடை போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். சட்டைப் பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும். எதை எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குவது. வெந்நீர், யோகா, தியானம், டைரி, நடை என்று ஒரு பட்டியலே போட்டுக்கொண்டு எதுவும் நிலைக்காமல் போகிறது. ஒன்றை மட்டும் எடுத்து, ஏற்கெனவே தினமும் செய்யும் வேலையோடு கட்டிவிடுங்கள். பாண்லே பூத்துக்குப் பால் வாங்கப் போகிறீர்களா? வண்டியை எடுக்காமல், சுற்றுவழியாக நடந்தே போய் வாருங்கள். பால் தினமும் வேண்டும், அதனால் நடையும் தினமும் நடக்கும்.

இருபத்தொரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற பேச்சை நம்பி ஏமாறாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. ஒரு செயல் தானாக வரும் அளவுக்குப் பழக, சராசரியாக 66 நாள் ஆகும் என்று அதில் கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆக, ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் போங்கள், அவ்வளவுதான். நம் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயல் எச்சரிக்கையும் வரத்தான் செய்யும். அந்த நாட்களுக்கென்று வீட்டுக்குள் செய்யும் பயிற்சி ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்.

சிப்காட்டிலோ நெய்வேலியிலோ ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர் இந்த நேரக்கணக்கைப் பின்பற்ற வேண்டியதில்லை. அவருக்கு முதல் வேலை, பகலில் அறையை இருட்டாக்கி முழுத் தூக்கம் போடுவது.

கடைசியாக ஒன்று, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒருவர் ஐந்து மணிக்கு நடக்கப் போவதற்காக, அவர் மனைவி நாலரைக்கு எழுந்து காபி போடுகிறார். ஆறு மணிக்குக் குழாயில் வரும் தண்ணீரையும் அவரே பிடிக்க வேண்டும், டிபனும் பிள்ளைகளின் ஸ்கூல் பையும் அவர் பொறுப்புதான். ஒருவருடைய நல்ல பழக்கம் இன்னொருவரின் தூக்கத்தைப் பிடுங்கக் கூடாது. உங்கள் காபியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் பிடிப்பதும் டிபனும் உங்கள் வேலையாக இருக்கட்டும், அந்த நாட்களில் அவர் நடக்கப் போகட்டும்.