டியூப் போடப் போகும் முன் பிபிஇ கிட்டில் (மாஸ்க், கவுன், கையுறை, காகிள்ஸ் சேர்ந்த பாதுகாப்பு உடை) நாம் விடும் தவறுகள்

நோயாளிக்கு மூச்சுக்குழாயில் டியூப் போடுகிறவர் முகம் எங்கே இருக்கும்? நோயாளியின் வாய்க்கு நேர் மேலே, அவர் ஒருமுறை இருமினால் போதும், எல்லாம் முகத்தில்தான். 2003-ல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் பரவியபோது கனடாவின் டொராண்டோவில் டியூப் போடச் சிரமப்பட்ட ஒரு நோயாளியைக் கவனித்த மருத்துவ ஊழியர்கள் மாஸ்க், கவுன், கையுறை எல்லாம் போட்டிருந்தும் அவர்களில் சிலருக்குத் தொற்று வந்தது. பிறகு விசாரித்தபோது தெரிந்த விஷயங்களில் ஒன்று, அந்த மாஸ்க் அவரவர் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இன்றும் அதே தவறுதான் அதிகம். என்95 மாஸ்க் என்றால் 0.3 மைக்ரான் அளவு நுண்துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும், ஆனால் அது துணி வழியாகப் போகும் காற்றுக்கு மட்டும். மூக்கோரம் இடுக்கு இருந்தால் காற்று சுலபமான அந்த வழியாகத்தான் போகும். மாஸ்க் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்டில் தலைக்கு மேல் ஒரு கூடு மாட்டி, உள்ளே கசப்பான அல்லது இனிப்பான திரவத்தைத் தெளிப்பார்கள், நாக்கில் ருசி தட்டினால் அந்த மாஸ்க் உங்களுக்கு ஆகாது, வேறு அளவு பாருங்கள். அன்று பாஸ் ஆகிவிட்டு, இரண்டு வாரம் தாடி வளர்த்துக்கொண்டு வந்து அதே மாஸ்க்கைப் போட்டால் பிரயோஜனமில்லை. உள்ளே ஒரு சர்ஜிகல் மாஸ்க் போட்டு அதன் மேல் என்95 போடுவதும் அப்படித்தான், பாதுகாப்பைக் கூட்டுவதாக நினைத்து ஓட்டையைத்தான் கூட்டுகிறோம்.

ஃபிட் டெஸ்ட் எப்போதோ ஒருமுறை. ஆனால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பொத்தி பலமாக ஊதிப் பாருங்கள், கண் பக்கம் காற்று வந்தால் மூக்குக் கம்பி சரியாக அழுந்தவில்லை. அதை ஒரு கை விரலால் கிள்ளினால் நடுவில் கூம்பிக்கொள்ளும், இரண்டு கை விரல்களாலும் வெளிப்பக்கமாகத் தடவி அழுத்த வேண்டும். காகிள்ஸ் மாட்டியதும் மறுபடி ஒருமுறை ஊதிப் பாருங்கள், ஏனென்றால் அதன் விளிம்பு மாஸ்க்கை நகர்த்திவிடும். கண்ணாடியில் பனி படிந்தால் எல்லோரும் கண்ணாடியைத்தான் திட்டுகிறார்கள் (நானும் பல நாள் திட்டியிருக்கிறேன்), பாதி நேரம் மேலே காற்று கசிகிறது என்றுதான் அது சொல்கிறது.

கையுறை இரண்டு ஜோடி போதும். மூன்று போட்டால் விரலில் உணர்வு மழுங்கி டியூப் போடும் நேரம்தான் நீளும். டியூப் உள்ளே போனதும் வெளிக் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் வென்டிலேட்டர் பட்டனைத் தொட வேண்டும், இதைத்தான் அவசரத்தில் மறக்கிறோம்.

2020-ல், நோயாளி இருமினால் நம் மேல் தெறிக்காமல் தடுக்க, அவர் தலைக்கு மேல் வைக்கும் அக்ரிலிக் பெட்டி ஒன்று பிரபலமானது. பார்க்க நம்பிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் பொம்மை வைத்துச் செய்து பார்த்ததில் டியூப் போட அதிக நேரமானது, கவுன் கிழிந்தது. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும் வசதி இல்லாத அந்தப் பெட்டிகளுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ கொடுத்திருந்த அவசர அனுமதி அதே ஆண்டு ஆகஸ்டில் போயிற்று.

சரி, வேலை முடிந்தது. அப்புறம்தான் பெரிய ஆபத்து, கழற்றுவது. களைத்துப்போய், வியர்த்துப்போய், மாஸ்க்கைத்தான் முதலில் பிடுங்கத் தோன்றும். முதலில் கையுறையும் கவுனும், வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, அப்புறம் காகிள்ஸ், மாஸ்க் கடைசி, அதுவும் அறையை விட்டு வெளியே வந்த பிறகு, முன்பக்கம் தொடாமல், கீழ்ப் பட்டை முதலில், மேல் பட்டை அப்புறம். நடுநடுவே கை சுத்தம். தனியாகக் கழற்றாதீர்கள், எதிரில் ஒருவர் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லட்டும்.

"டியூப் போட்டாச்சு, இனி காற்றில் என்ன இருக்கு" என்று உடனே மாஸ்க் இல்லாமல் உள்ளே போகிறவர்களும் உண்டு. மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில்கூட மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும், 6 முறை மட்டும் மாறும் அறையில் 46 நிமிடம்.