பிரேசில் சோயா: ஏற்றுமதிக் கணக்கைக் கிடங்குகளோடு பொருத்துவது எப்படி

பிரேசிலின் வெளிவணிகத் தரவுத்தளமான கோமெக்ஸ் ஸ்டாட்டில் முனிசிபியோ (நகராட்சி அளவிலான நிர்வாகப் பகுதி) வாரியான கோப்பைத் திறந்தால், ஒரு செடி சோயாகூட விளையாத இடங்களின் பெயரில் சோயா கப்பலேறியிருக்கும். தரவில் பிழை இல்லை. அந்தக் கோப்பில் உள்ள முனிசிபியோ, ஏற்றுமதி செய்த நிறுவனத்தின் வரிப் பதிவு முகவரி. விளைந்த இடத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல் போகலாம். சரக்குக் குறியீட்டு (என்சிஎம்) வாரியான இன்னொரு கோப்பில் வரும் மாநிலமோ, விளைந்த மாநிலம். இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் அதன் பிறகு செய்யும் எல்லாமே வீண்.

முகவரியிலிருந்து வயல் பக்கம் போக நடுவில் இருக்கும் படி கிடங்கு. அரசின் உணவு தானிய நிறுவனமான கொனாப் நடத்தும் சிகார்ம் கிடங்குப் பதிவேட்டில் கிடங்கின் பெயர், உரிமையாளரின் வரி எண், முனிசிபியோ, வகை, டன் கணக்கில் கொள்ளளவு, அமைவிடப் புள்ளி எல்லாம் உண்டு. உங்களிடம் உள்ள ஏற்றுமதியாளர் பட்டியலை இதோடு சேர்க்கும் சாவி சிஎன்பிஜே என்ற 14 இலக்க நிறுவன வரி எண். முதல் 8 நிறுவனத்துக்கு (இதுவே வேர்), அடுத்த 4 கிளைக்கு (தலைமையகம் பெரும்பாலும் 0001), கடைசி 2 சரிபார்ப்புக்கு.

இந்த எண்ணை எப்போதும் எழுத்தாகவே ஏற்றுங்கள். பாங்கோ டோ பிரசில் வங்கியின் எண் 00.000.000/0001-91. எக்செல் அதை 191 ஆக்கிவிடும். இடப்பக்கம் பூஜ்யம் போட்டு 14 ஆக்கினால் மீண்டுவிடும் என்று நினைக்கலாம். ஆனால் சிறு பண்ணைக் கிடங்குகளில் தனிநபரின் 11 இலக்க சிபிஎஃப் எண்ணும் அதே நெடுவரிசையில் கிடக்கும். அதையும் 14 ஆக்கிவிட்டால் இல்லாத நிறுவனம் ஒன்று பிறந்துவிடும். அதனால் சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிட்டே முடிவு செய்யுங்கள். முதல் 12 இலக்கங்களை 5,4,3,2,9,8,7,6,5,4,3,2 ஆல் முறையே பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுங்கள். மீதி 2க்குக் குறைவென்றால் 0, இல்லையென்றால் 11லிருந்து மீதியைக் கழியுங்கள். மேலே சொன்ன வங்கிக்கு மீதி 2, ஆக இலக்கம் 9. இரண்டாவது இலக்கத்துக்கு அந்த 9ஐயும் சேர்த்து, பெருக்கும் வரிசையின் முன்னால் ஒரு 6 போட்டால் 1 வரும். 2026 ஜூலை முதல் தரப்படும் புதிய எண்களில் முதல் 12 இடங்களில் எழுத்தும் வரலாம் என்பதால், 'இலக்கம் அல்லாததை நீக்கு' என்று எழுதி வைத்த பழைய நிரல்களை இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

வரித்துறையான ரெசெய்டா ஃபெடரல் முழு நிறுவனப் பதிவேட்டையும் இலவசமாகத் தருகிறது. கோப்புகளில் தலைப்பு வரி கிடையாது, பிரிப்பான் அரைப்புள்ளி, எழுத்துக் குறியாக்கம் லத்தீன்-1. யுடிஎஃப்-8 என்று திறந்தால் சாவோ, கோயாஸ் எல்லாம் சிதைந்து வரும். மொத்தத்தையும் ஏற்ற வேண்டாம்: உங்கள் ஏற்றுமதியாளர்களின் 8 இலக்க வேரையும், கிடங்கு உரிமையாளர்களின் வேரையும் மட்டும் வடிகட்டினால் சாதாரண மடிக்கணினியே போதும். தொழில் குறியீட்டை வைத்து மட்டும் வடிகட்டாதீர்கள். 4622-2/00 சோயா மொத்த வணிகம்தான், ஆனால் கூட்டுறவுகளும் எண்ணெய் ஆலைகளும் வேறு குறியீடுகளில் இருக்கும்.

'செயல்பாட்டில் உள்ளவை' (நிலை 02) என்று வடிகட்டுவதும் அதே அளவு தவறு. பதிவேடு இன்றைய நிலையைக் காட்டுகிறது, உங்கள் ஏற்றுமதியோ 2018ஆம் ஆண்டினுடையதாக இருக்கலாம். மூடிய கிளைகளையும் (08) வைத்துக்கொண்டு, நிலை மாறிய தேதியைக் கப்பல் போன ஆண்டோடு ஒப்பிடுங்கள்.

இடக் குறியீட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். சாவோ பவுலோ நகரம் வரித்துறையில் 7107, புள்ளியியல் நிறுவனமான ஐபிஜிஈயில் 3550308, கோமெக்ஸ் ஸ்டாட்டில் 3450308. மாற்று அட்டவணை இல்லாமல் இணைக்கக் கூடாது. பெயரால் இணைத்தாலோ பியாவி மாநிலத்தில் ஒரு போம் ஜேசுஸ், ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் இன்னொன்று. 2025 ஜனவரியில் மாட்டோ குரோசோ மாநிலத்தின் சோரிசோ, நோவா உபிராட்டா இரண்டிலிருந்தும் பிரிந்த போவா எஸ்பெரான்சா டோ நோர்ட்டே முனிசிபியோ பழைய எல்லைக் கோப்புகளில் இருக்காது.

அமைவிடப் புள்ளிகளை வரைபடத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டின் கழித்தல் குறியும் விடுபட்டால் சோரிசோவின் கிடங்கு சொகோத்ரா தீவுக்குக் கிழக்கே அரபிக் கடலில் மிதக்கும்.

பொருத்தும் வரிசை இது: முதலில் 14 இலக்கமும் அப்படியே ஒத்துப்போவது; அடுத்து 8 இலக்க வேரும் முனிசிபியோவும்; பிறகு வேரும் மாநிலமும்; கடைசியாகத்தான் பெயரும் முனிசிபியோவும். பெயருக்கு வரும்போது ஒலிக்குறிகளையும், நிறுவன வகையைச் சொல்லும் 'லிமிடாடா', 'எஸ்.ஏ.' போன்ற ஒட்டுகளையும் நீக்குங்கள். கடன் மறுசீரமைப்பில் சிக்கிய நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் 'எம் ரெகுபெராசாவ் ஜுடிசியல்' ஒட்டிக்கொள்ளும், அதையும் வெட்டுங்கள். எந்தப் படியில் பொருந்தியது என்பதைத் தனி நெடுவரிசையில் குறித்து வையுங்கள்.

ஒரே குழுமத்தின் பல வேர்களைச் சேர்க்க வரித்துறைப் பதிவேட்டின் பங்குதாரர் கோப்பு உதவும், ஆனால் பாதிதான். பங்கு நிறுவனங்களான எஸ்.ஏ.க்களுக்கு அதில் இருப்பது இயக்குநர்கள், பங்குதாரர்கள் அல்ல; பெரிய வணிக நிறுவனங்கள் பலவும் எஸ்.ஏ.தான். தானிய வணிக நிறுவனமான புங்கே 2025இல் அதே துறையின் வித்தேராவை வாங்கியது போன்றவற்றை ஆண்டறிக்கை பார்த்து, ஆண்டு போட்டுக் கையால் எழுத வேண்டும். 2024 ஏற்றுமதியில் இரண்டும் தனித்தனி.

பொருத்திய பிறகு கொள்ளளவை ஏற்றுமதி டன்னாக வாசிக்காதீர்கள். அது ஒரே நேரத்தில் கொள்ளும் அளவு. ஒரு சைலோ (தானியக் கோபுரம்) ஆண்டில் ஒருமுறைக்கு மேல் நிறையலாம்; மாட்டோ குரோசோவில் சோயா வெளியேறியதும் சஃப்ரீன்யா (இரண்டாம் போக) மக்காச்சோளம் உள்ளே வரும். வாடகைக்கு விட்ட கிடங்கில் உரிமையாளர் ஒருவர், தானியம் இன்னொருவருடையது. எனவே கொள்ளளவைப் பங்கு விகிதமாக மட்டும் கொண்டு, விளைந்த மாநிலத்தின் ஏற்றுமதி டன்னைக் கிடங்குகளுக்குப் பங்கிடுங்கள். சுற்றுவட்டார முனிசிபியோக்களின் விளைச்சலிலிருந்து (ஐபிஜிஈயின் 1612ஆம் அட்டவணை) உள்ளூர் ஆலைகள் அரைப்பதைக் கழித்த மிச்சமே அந்தப் பங்கீட்டுக்கு மேல்வரம்பு. வரம்பைத் தாண்டும் டன்னையும், வெறும் பெயரால் மட்டும் பொருந்திய டன்னையும் பக்கத்து முனிசிபியோவில் தள்ளாமல், மாநிலத்தை மட்டும் எழுதி முனிசிபியோவைக் காலியாக விடுங்கள்.