அழவில்லை என்றால் வருத்தமில்லை என்று அர்த்தமா?

மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் வீடுகளில் நடக்கும் தவறுகளிலேயே கொடியது, முகத்தை வைத்து மனதை முடிவுகட்டுவது. துக்க வீட்டில் மகன் மட்டும் அழாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். "பெத்த தாய் போயிட்டா, கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வருதா பாரு" என்று அவன் காதுபடவே பேசுவார்கள். ஆனால் உணர்ச்சியை வெளிக்காட்டுவதுதான் இந்த நோயில் குறைகிறது. உள்ளே படும் வேதனை பெரும்பாலும் நம்முடையதைப் போலவே இருக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அவன் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிடுவதையும், அம்மா படுத்த பாயை யாரையும் சுருட்ட விடாததையும் யாரும் கவனிப்பதில்லை.

'இவனுக்கு என்ன தெரியப்போகுது' என்ற அந்த நினைப்புக்கு நம் கடற்கரை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பேச்சு மட்டும் இன்னும் மாறவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்த தவறு, வாய்விட்டுச் சொல்லாமல் சாடையாகப் பேசுவது. எதிராளியின் முகத்தையும் குரலையும் புரிந்துகொள்வதும் இவர்களுக்குச் சிரமம். சும்மா இருக்கும் முகம்கூடக் கோபமாகத் தெரியலாம். மீன் படாமல், டீசல் காசுக்கே வழியின்றி அப்பா கரை திரும்புகிறார். அந்த வாடிய முகத்தைப் பார்த்ததும், தன்மேல்தான் கோபம் என்று மகன் அறைக்குள் போய் முடங்கிவிடுவான். "இன்னிக்குப் பாடு சரியில்லப்பா, அதான் வருத்தமா இருக்கேன். உன்மேல கோபமில்ல" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

"மனசுல என்னதான் வச்சிருக்க?" என்று நெருக்கினால் பதில் வராது. பயமா இருக்கா, அசதியா இருக்கா, கொஞ்ச நேரம் தனியா இருக்கணுமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள், பதில் வர நேரமாகும். ஓயாத குத்தல் பேச்சும், எதையும் தானாகச் செய்யவிடாமல் பொத்திப் பொத்தி வைப்பதும் உள்ள வீடுகளில் நோய் திரும்புவது அதிகம்.

முகம் இறுகிப்போவதற்குச் சில மருந்துகளும் காரணமாகலாம். கை நடுக்கம், கால் தேய்த்து நடப்பது கூடவே தெரியும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்கள் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.