உள்நாட்டுக் கார்தானா? லோகோவை நம்பாமல் சரிபார்க்கும் வழி

பானெட்டில் இருக்கும் லோகோ, அந்தக் கம்பெனி எந்த நாட்டில் பிறந்தது என்பதைத்தான் சொல்லும். கார் எங்கே கட்டப்பட்டது, பாகங்கள் எங்கிருந்து வந்தன, லாபம் யாருக்குப் போகிறது என்ற மூன்றுக்கும் அதில் பதில் கிடையாது. ஸ்வீடன் கார் என்று பெயரெடுத்த வோல்வோ கார்ஸ் 2010 முதல் சீனாவின் ஜீலி வசம் இருக்கிறது. ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் இந்தியாவின் டாடா குழுமத்தின் வசம். எதிர்ப்பக்கமும் உண்டு: குஜராத்தில் தயாராகும் சுசூகி ஃப்ரான்க்ஸ் 2024 முதல் ஜப்பானில் விற்பனையாகிறது. அங்கே வாங்குபவருக்கு பிராண்டு உள்நாடு, கார் இறக்குமதி.

அதனால், உள்நாட்டுக் கார் எதற்காக வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உள்ளூர் வேலைவாய்ப்புதான் நோக்கம் என்றால் அசெம்பிளி ஆலையையும் பாகங்களின் பூர்வீகத்தையும் பாருங்கள். அடிபட்டால் பாகம் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்றால் ஆலை எங்கிருக்கிறது என்பதைவிட உதிரி பாகக் கிடங்கு முக்கியம். லாபம் நாட்டிலேயே தங்க வேண்டும் என்றால் பங்குகள் யார் கையில் என்று பாருங்கள். மூன்றிலும் முழு மதிப்பெண் வாங்கும் கார் அநேகமாகக் கிடைக்காது.

அடுத்து வாகன அடையாள எண். சேஸிஸ் நம்பர் என்று சொன்னாலும் புரியும். 17 இலக்கங்கள். டாஷ்போர்டின் ஓரத்தில் முன் கண்ணாடி வழியாகத் தெரியும். இல்லையென்றால் முன்கதவுத் தூணில் உள்ள தகட்டிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இதில் வராது. ஓ மாதிரித் தெரிந்தால் அது பூஜ்யம். முதல் எழுத்து 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ, ஜே ஜப்பான், எல் சீனா, டபிள்யூ ஜெர்மனி. எம்ஏ என்று தொடங்கினால் இந்தியா.

மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாமல், வாங்கப்போகும் அதே காரின் எண்ணைப் பாருங்கள். முந்தைய தலைமுறை டொயோட்டா ராவ்4 கனடா, ஜப்பான், அமெரிக்கா மூன்றிலும் தயாரானது. ஒரே ஷோரூமில், ஒரே நிறத்தில் நிற்கும் இரண்டு கார்களில் ஒன்றின் எண் 2-லும் மற்றொன்று ஜே-யிலும் தொடங்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் தயாரிப்பாளருக்கு ஒதுக்கப்பட்ட குறியீடு; அது எப்போதும் ஆலையைக் காட்டாது. 2016 முதல் மெக்சிகோவின் சான் ஹோசே சியாப்பாவில் தயாராகும் ஆடி க்யூ5-இன் எண், ஜெர்மனியைக் குறிக்கும் டபிள்யூவில்தான் தொடங்குகிறது. ஆலையைச் சொல்வது பெரும்பாலும் 11-வது இலக்கம். அதற்கும் பொதுவான பட்டியல் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சந்தேகம் இருந்தால் டீலரிடம் ஆலையின் பெயரையே எழுத்தில் கேளுங்கள்.

அசெம்பிளி என்ற சொல்லுக்கும் அகலம் அதிகம். தகடு அடித்து, வெல்டிங், பெயின்ட் முடித்து, என்ஜின் ஏற்றும் ஆலையும் அசெம்பிளிதான். பெட்டிகளில் பிரித்து வந்த பாகங்களைப் பூட்டி முடிக்கும் கூடமும் அசெம்பிளிதான். இரண்டுக்கும் வேலைவாய்ப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. பாடி வெல்டிங்கும் பெயின்ட் ஷாப்பும் அந்த ஆலையிலேயே இருக்கின்றனவா என்று கேட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

இனி சதவீதம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் விற்கும் புதுக் காரில் ஒரு லேபிள் இருக்க வேண்டும்: பாகங்களின் மதிப்பில் எத்தனை சதவீதம் உள்நாடு, 15 சதவீதமோ அதற்கு மேலோ பாகம் தந்த வெளிநாடுகள் (அதிகபட்சம் இரண்டு), கடைசி அசெம்பிளி நடந்த ஊர், என்ஜினும் கியர்பாக்ஸும் எந்த நாடு. நல்ல லேபிள்தான், ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். அதில் உள்நாடு என்பது அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்தது. சதவீதம் அந்த மாடல் வரிசையின் சராசரி. உங்கள் முன்னால் நிற்கும் காருடையது அல்ல. கடைசி அசெம்பிளியில் உழைத்தவர்களின் கூலி கணக்கில் சேராது. வெளி சப்ளையர் தரும் பாகத்தின் மதிப்பில் 70 சதவீதம் உள்நாடு என்றால் மொத்தமும் உள்நாடாகவே எண்ணப்படும். அதாவது 1,000 டாலர் பாகம் ஒன்றில் 300 டாலர் வெளிநாட்டுச் சரக்கு இருந்தாலும் லேபிளில் அந்த 300 காணாமல் போய்விடும்.

வேறு சட்டங்களின் சதவீதத்தை இதோடு ஒப்பிடாதீர்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கா-மெக்சிகோ-கனடா ஒப்பந்தம் கேட்கும் 75 சதவீதம் மூன்று நாடுகளையும் சேர்த்த கணக்கு, சுங்கச் சலுகைக்கானது. வாகனத் துறைக்கான இந்திய உற்பத்தி ஊக்கத் திட்டம் கேட்கும் 50 சதவீத உள்நாட்டு மதிப்புக் கூட்டல் வேறொரு கணக்கு. அளவுகோலே வேறு.

லேபிள் இல்லாத நாட்டில் இருந்தால் விலை உயர்ந்த பாகங்களை மட்டும் விசாரியுங்கள். எண்ணிக்கையைப் பார்த்துப் பயனில்லை; ஸ்க்ரூ வரை எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் எங்கே தயாராகின்றன என்று கேளுங்கள். மின்சாரக் காரில் பேட்டரிதான் பொதுவாக ஆக விலை உயர்ந்த பாகம். ‘பேட்டரி இங்கேதான் செய்கிறோம்’ என்றால், செல்லா பேக்கா என்று உடனே கேளுங்கள். இறக்குமதி செல்களை உள்ளூரில் பெட்டிக்குள் அடுக்குவதையும் பேட்டரி தயாரிப்பு என்றுதான் விளம்பரம் சொல்லும்.

கண்ணாடி ஓரத்தில் வட்டத்துக்குள் ஈ1, ஈ4 என்று பொறித்திருப்பதைப் பார்த்து ஜெர்மனிக் கண்ணாடி, நெதர்லாந்துக் கண்ணாடி என்று சொல்பவர்கள் உண்டு. தவறு. அந்த எண், பாகத்துக்கு ஒப்புதல் கொடுத்த நாடு. தயாரித்த நாடு அல்ல.

உள்நாட்டுக் கார் என்றால் பாகத்துக்குத் தட்டுப்பாடு வராது என்ற நம்பிக்கையும் அரைகுறைதான். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கிருந்து வயரிங் ஹார்னெஸ் வராமல் ஃபோக்ஸ்வாகனும் பிஎம்டபிள்யூவும் ஜெர்மனியிலேயே உற்பத்தியை நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு கட்டு ஒயர் இல்லாமல் முழுக் காரும் நின்றது. சர்வீஸ் சென்டரின் உதிரி பாகக் கவுண்டரில் ஐந்து பொருட்களுக்கு விலையும் காத்திருக்கும் நாளும் கேளுங்கள்: ஹெட்லாம்ப், முன் கண்ணாடி, முன் பம்பர், ரேடியேட்டர், என்ஜின் கன்ட்ரோல் யூனிட். பம்பர் கையிருப்பில் இருக்கும். கன்ட்ரோல் யூனிட்டுக்கு ஆறு வாரம் என்பார்கள். அந்தப் பாகம் கடல் தாண்டி வரக்கூடும் என்பதற்கு அதுவே குறிப்பு.

புக்கிங் படிவத்தில் ஆலையின் பெயரை எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஆலைகளில் தயாராகும் மாடல் என்றால், புக் செய்த பிறகு டீலருக்கு ஒதுக்கப்படும் வண்டி மாறலாம். மீதிப் பணம் கட்டும் முன் காரின் தகட்டில் உள்ள 17 இலக்கங்களை இன்வாய்ஸில் உள்ளதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.