லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை வரவில்லையா? போனில் சொல்லித் தருவதுபோல் ஒரு விளக்கம்

சித்தி மகன் இரவு பத்தரை மணிக்கு போன் அடித்தான். "அண்ணே, விண்டோஸ் பக்கத்துலயே மின்ட் போட்டுட்டேன். எல்லாம் சூப்பரா இருக்கு. வைஃபை மட்டும் காட்டவே மாட்டேங்குது." அதற்குள் கண்ணில் பட்ட கட்டளைகளை எல்லாம் மொபைலைப் பார்த்துப் பார்த்து அடித்து முடித்திருந்தான். பதினைந்தாவது தேறும். எது என்ன செய்யும் என்று அவனுக்கும் தெரியாது. அதில் எது எதைக் கெடுத்து வைத்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். கட்டளைகளும் வாயால் சொன்னபடியே தமிழில் இருக்கும். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். குழப்பம் வரக்கூடிய இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லிவிடுகிறேன். உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாம் லினக்ஸின் வகைகள். உபுண்டு, மின்ட் இரண்டிலும் கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். டெபியனில் மெனுவில் தேடிக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில் அறுந்திருக்கிறது?

"நெட் வரல" என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று தனித்தனி கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. வைஃபை பெயர்ப் பட்டியலே வரவில்லை என்றால் சுவிட்ச், வைஃபை கார்டு அல்லது டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்). பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது என்றால் பாஸ்வேர்டு அல்லது ரூட்டர் அமைப்பு. சேர்ந்துவிட்டது, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் லேப்டாப்புக்குக் கிடைக்கும் எண்) அல்லது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் ஐபி முகவரியாக மாற்றித் தருவது). டிஎன்எஸ் சிக்கலுக்கு டிரைவரை மாற்றிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் முன்னால், அதே வைஃபையில் உங்கள் மொபைலில் நெட் வருகிறதா பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், மறக்காதீர்கள். மொபைலிலும் வரவில்லை என்றால் லேப்டாப் மேல் பழியில்லை. ரூட்டரை அணைத்து அரை நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள்.

படி 1: நெட்டைச் சரிசெய்ய நெட் வேண்டுமே!

டிரைவர் இறக்க நெட் வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்க உங்கள் ஆண்ட்ராய்டு போன் போதும். சார்ஜர் கேபிளால் போனை லேப்டாப்பில் மாட்டி, போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட், டெதரிங் உள்ள பக்கத்துக்குப் போய் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். ஒன்றும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். சில நொடிகளில் லினக்ஸ் அதை வயர் கனெக்‌ஷனாக எடுத்துக்கொள்ளும்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று: போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபை நெட்தான் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு வரும். மொபைல் டேட்டா தீராது. டெதரிங் பட்டன் மங்கலாகவே இருந்தால் உங்கள் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் வகை. வேறு கேபிள் மாற்றுங்கள்.

படி 2: சுவிட்ச் அணைந்திருக்கிறதா?

ஆர்எஃப்கில் லிஸ்ட்

(எழுத்துகள்: ஆர், எஃப், கே, ஐ, எல், எல். பிறகு ஓர் இடைவெளி விட்டு லிஸ்ட்.)

'வயர்லெஸ் லேன்' என்ற வரியின் கீழே இரண்டு வரிகள் வரும். 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்றால் மென்பொருள் அணைத்து வைத்திருக்கிறது. இப்படித் திறக்கலாம்:

சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை

(சூடோ: எஸ், யூ, டி, ஓ. நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது. உங்கள் லாகின் பாஸ்வேர்டைக் கேட்கும்.)

'ஹார்ட் பிளாக்டு: யெஸ்' என்றால் எந்தக் கட்டளைக்கும் மசியாது. லேப்டாப் உடம்பில் எங்கோ சுவிட்ச் இருக்கிறது, அல்லது பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போதே ஓடும் அடிப்படை அமைப்பு) வயர்லெஸ் அணைந்திருக்கிறது. என் பழைய லேப்டாப் ஒன்றில் முன்பக்க விளிம்பில், உள்ளங்கை வைக்கும் இடத்துக்கு நேர் கீழே, நகம் அளவுக்கு ஒரு தள்ளு சுவிட்ச் இருந்தது. பையிலிருந்து உருவும்போது அதுவாகத் தள்ளிக்கொண்டுவிட்டது. நான் லினக்ஸை இரண்டு முறை மறுபடி இன்ஸ்டால் செய்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. இப்போதைய லேப்டாப்களில் சுவிட்சுக்குப் பதில் விமானப் படம் போட்ட எஃப் வரிசைப் பட்டன் இருக்கும். தனியாகவும், எஃப்என் உடன் சேர்த்தும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

படி 3: கார்டு, டிரைவர், ஃபர்ம்வேர்

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. பெயர்ப் பட்டியலே வராதவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் நிற்பார்கள்.

எல்எஸ்பிசிஐ -என்என்கே

நீளமாக ஓடும். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று வரும் பகுதியைத் தேடுங்கள். சதுர அடைப்புக்குள் நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, நான்கு எழுத்து என்று ஓர் அடையாள எண் இருக்கும். முன்பாதி கம்பெனி: 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம், 168சி குவால்காம் ஏத்தரோஸ், 14சி3 மீடியாடெக். லேப்டாப் மாடல் பெயரைவிட இந்த எண்தான் முக்கியம். ஒரே மாடல் லேப்டாப்பில் இரண்டு வேறு கம்பெனி கார்டுகள் இருப்பது சகஜம்.

அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா? இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது. இல்லை என்றால் கார்டு இருக்கிறது, அதைப் பேசவைக்க ஆளில்லை. 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' பகுதியே இல்லை என்றால், யூஎஸ்பி வழியாக இணைந்த கார்டா என்று எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் கார்டு கழன்றிருக்கலாம், பயாஸில் அணைந்திருக்கலாம்.

டிரைவர் இல்லாவிட்டால் மின்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, பரிந்துரைப்பதைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்யுங்கள். பழைய பிராட்காம் கார்டுகள் பலவற்றுக்கு அங்கே வழி கிடைத்துவிடும். ரியல்டெக்கோ மீடியாடெக்கோ, அதுவும் புது லேப்டாப் என்றால், முதலில் கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) புதுப்பியுங்கள். புதிய ரியல்டெக் கார்டுகளுக்கான ஆர்டிடபிள்யூ88 டிரைவர் 2019இல் வந்த 5.2 கெர்னலில்தான் உள்ளே சேர்ந்தது. பழைய கெர்னலை வைத்துக்கொண்டு புது கார்டை வேலை செய்யச் சொன்னால் செய்யாது. யாரோ பகிர்ந்த நிரலை இறக்கி கம்பைல் செய்வதெல்லாம் கடைசி வழி.

டிரைவர் இருந்தும் வேலை செய்யாத ஒரு நிலை உண்டு. டிரைவர் கெர்னலுக்குள் இருக்கும். ஃபர்ம்வேர் என்பது கார்டு உயிர்பெறும்போது அதற்குள் ஏற்றப்படும் தனிக் கோப்பு. அது வட்டில் இல்லை என்றால் டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். சோதிக்க:

சூடோ டிஎம்இஎஸ்ஜி | கிரெப் -ஐ ஃபர்ம்வேர்

(கிரெப்: ஜி, ஆர், இ, பி. நடுவில் இருப்பது நேர்கோடு. பல கீபோர்டுகளில் என்டருக்கு மேலே ஷிஃப்டோடு வரும்.) 'ஃபெயில்டு டு லோட்' என்று வந்தால் அந்த வரியிலேயே கோப்பின் பெயர் இருக்கும். இது டெபியன்காரர்களுக்கு மிகப் பழக்கமான காட்சி. கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரோடு தருவதில்லை என்பது அவர்களின் பழைய கொள்கை. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி மாற்றிக்கொண்டார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது சேர்ந்தே வருகிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் புதியதற்கு மாறுவது நல்லது.

இனி சித்தி மகன் விஷயம். டிரைவர் மேனேஜர் 'முடிந்தது' என்றது. ரீஸ்டார்ட் செய்தான். 'டிரைவர் இன் யூஸ்' வரி அப்போதும் இல்லை.

"நடுவுல நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. ஏதோ எர்ரர்னு நெனச்சு விட்டுட்டேன். தானா போயிருச்சு."

அதுதான் வினை. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் பாதுகாப்பு) ஆனில் இருக்கும்போது, வெளியிலிருந்து வந்து உங்கள் மெஷினிலேயே கட்டப்படும் டிரைவரைக் கெர்னல் நம்பாது. அதனால் இன்ஸ்டால் நடக்கும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை வந்து 'ஏதாவது ஒரு பட்டனை அழுத்து' என்று பத்து நொடி காத்திருக்கும். அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்படாதீர்கள். பத்து நொடி தவறினால் சத்தமில்லாமல் பூட் ஆகிவிடும், டிரைவர் ஏறாது. தவறவிட்டவர்கள் உபுண்டு, மின்டில் இதை அடித்து, மறுபடி பாஸ்வேர்டு வைத்து, ரீஸ்டார்ட் செய்து, இந்த முறை திரையைப் பார்த்துக்கொண்டே உட்காருங்கள்:

சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ

"செக்யூர் பூட்டை அணைத்துவிடு" என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் பக்கத்தில் இருக்கும் விண்டோஸில் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் வசதி) இருந்தால் அது ரெகவரி கீ கேட்டு வழிமறிக்கும். அந்தக் கீ கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. நேற்று வந்த வைஃபை இன்று விண்டோஸ் போய்த் திரும்பிய பிறகு வரவில்லையா? விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' உண்மையில் முழுதாக அணைப்பதில்லை. கார்டை அரைத்தூக்கத்தில் விட்டுவிட்டுப் போகும். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை எடுத்துவிடுங்கள்.

படி 4: பெயர் தெரிகிறது, சேரவில்லை

என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட்

பெயர், சேனல், சிக்னல் எல்லாம் வரும். பாஸ்வேர்டை மாற்றிய பிறகு பழையதையே லேப்டாப் பிடித்துக்கொண்டு தொங்குவது வழக்கம். அந்தக் கனெக்‌ஷனை செட்டிங்ஸில் அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால் சேனலைச் சந்தேகியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 12, 13 சேனல்கள் இந்தியாவில் உண்டு, அமெரிக்காவில் வழக்கத்தில் இல்லை. 'ஐடபிள்யூ ரெக் கெட்' (ரெக்: ஆர், இ, ஜி) என்று அடித்துப் பாருங்கள். லேப்டாப் தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சேனல்கள் அதன் கண்ணுக்குப் படாது. சுலப வழி, ரூட்டரில் சேனலை 1, 6, 11 ஒன்றில் நிறுத்துவது. 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் உங்கள் கார்டு 2.4 மட்டும் அறிந்த பழைய கார்டாக இருக்கலாம். ரூட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறையை மட்டும் வைத்திருந்தாலும் பழைய கார்டு திணறும். டபிள்யூபிஏ2க்கு இறக்கிப் பாருங்கள்.

படி 5: சேர்ந்தது, பக்கம் திறக்கவில்லை

'ஐபி ஏ' என்று அடியுங்கள். டபிள்யூஎல் என்று தொடங்கும் பெயரின் கீழே (டபிள்யூஎல்பி3எஸ்0 போல, பிசிஐ தடம் 3, இடம் 0 என்று பொருள்) ஒரு முகவரி இருக்கும். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் சரி. 169.254 என்றால் ரூட்டர் முகவரியே தரவில்லை. துண்டித்து மறுபடி சேருங்கள்.

அடுத்து 'ஐபி ரூட்' (ஆர், ஓ, யூ, டி, இ). 'டிஃபால்ட் வியா'வுக்குப் பின்னால் வருவது ரூட்டரின் முகவரி. அதிலிருந்து வெளியே படிப்படியாகத் தட்டிப் பாருங்கள்:

பிங் -சி 4 192.168.1.1
பிங் -சி 4 8.8.8.8
பிங் -சி 4 கூகுள்.காம்

முதல் வரியில் உங்கள் ரூட்டர் முகவரியைப் போடுங்கள். முதலாவதே பதில் தரவில்லை என்றால் சிக்னல் பிரச்சினை. முதலாவது வந்து இரண்டாவது வரவில்லை என்றால் ரூட்டருக்கு அப்பால். இணைய கம்பெனிக்கு போன் போடுங்கள். இரண்டும் வந்து மூன்றாவது மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ். கனெக்‌ஷன் செட்டிங்ஸில் ஐபிவி4 பக்கத்தில் தானியங்கி டிஎன்எஸ்ஸை அணைத்து 1.1.1.1 போட்டு, வைஃபையை அணைத்துப் போடுங்கள். மூன்றும் வந்தும் பிரவுசர் 'சான்றிதழ் செல்லாது' என்று அடம்பிடித்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பயாஸ் பேட்டரி செத்த பழைய லேப்டாப் எந்த வருடத்திலாவது போய் நின்றிருக்கும்.

படி 6: வந்து வந்து போகிறது

முதல் சந்தேகம் பவர் சேவிங். பேட்டரியை மிச்சப்படுத்த கார்டு தூங்கி விழுகிறது. அணைக்க:

என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை "உங்கள் வைஃபை பெயர்" வைஃபை.பவர்சேவ் 2

2 என்றால் அணை, 3 என்றால் போடு. வைஃபை, பவர்சேவ் இரண்டையும் நடுவில் கோடில்லாமல் ஒரே சொல்லாக அடித்து, இடையில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு துண்டித்துச் சேர வேண்டும்.

கெர்னல் அப்டேட்டுக்கு மறுநாள் வைஃபை காணாமல் போனால், பூட் ஆகும்போது எஸ்கேப் (பழைய மெஷின் என்றால் ஷிஃப்ட்) அழுத்தி, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அடுத்த அப்டேட் வரும்வரை அதிலேயே ஓட்டலாம்.

எதற்கும் மசியாத கார்டு என்றால் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் 'லினக்ஸ் சப்போர்ட்' என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். ஏஆர்9271, எம்டி7610யூ, எம்டி7612யூ ஆகிய மூன்றுக்கும் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. சில டாங்கிள்கள் மாட்டியதும் தங்களைச் சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும், விண்டோஸ் டிரைவரைச் சுமந்து வருவதால். லினக்ஸில் அந்தச் சிடியை 'இஜெக்ட்' கொடுத்தால், பல டாங்கிள்கள் அதன் பிறகு வைஃபை கார்டாக மாறிக்கொள்ளும்.