பெற்றோல் செட்டுக்குப் பக்கத்தில் கிணறு இருந்தால்: தண்ணீரைக் கண்காணிக்கும் முறை

கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் கிணற்றை மூடாத வீடுகள் உண்டு. இரண்டு வளவு தள்ளிப் பெற்றோல் செட் இருந்தால், நிலத்துக்குள் புதைத்த தாங்கியோ அதன் குழாயோ கசிகிறதா என்ற யோசனை வரத்தான் செய்யும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை தெரிந்தவர்களுக்குக் கட்டாயம் வரும். அங்கே பேச்சுக்குள்ளானது மின்நிலையக் கழிவெண்ணெய். பெற்றோலின் குணம் கொஞ்சம் வேறு.

பெற்றோல் தண்ணீரைவிட இலேசு, மேலே மிதக்கும். ஆனால் அதிலுள்ள பென்சீன் என்ற நச்சுப்பொருள் தண்ணீரில் கரைந்து, நிலத்தடி நீரோடு சேர்ந்து நகரும். குடிநீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராம் என்பதே பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. மூக்குக்குத் தெரிய அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு வேண்டும். மணம் வந்தால் உடனே கவனியுங்கள். வராததை வைத்து நிம்மதியடைய வேண்டாம்.

முதலில் ஒரு கொப்பி

கிணற்றுக் கட்டில் பெயின்றால் ஒரு புள்ளி வையுங்கள். பம்பை இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் அந்தப் புள்ளியிலிருந்து நீர்மட்டம் வரை அளவு நாடாவால் அளந்து, திகதியோடு எழுதுங்கள். நாடாவின் நுனியில் சோக் பூசினால் எதுவரை நனைந்தது என்று தெளிவாகத் தெரியும்.

இதைச் சலிப்பான வேலை என்று தள்ளாதீர்கள். தை, மாசியில் மட்டம் இறங்கும்போது மண்ணில் ஒட்டியிருந்த எண்ணெய் வழிந்து கிணற்றில் தலைகாட்டலாம். ஐப்பசி மழையில் மட்டம் ஏறினால் அந்த எண்ணெய் நீருக்கடியில் மண்ணுக்குள் சிக்கி, கிணறு சுத்தமானதுபோல் தோன்றும். மட்டம் எழுதாத பரிசோதனை அறிக்கையை அடுத்த அறிக்கையோடு ஒப்பிட முடியாது.

அயலில் இன்னும் இரண்டு கிணறுகள் கிடைத்தால், மூன்றும் ஒரே கோட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிவான குழாயால் மூன்று கிணற்றுப் புள்ளிகளின் உயர வித்தியாசத்தை எடுத்து, ஒரே காலையில் அளந்த நீர்மட்டங்களோடு சேர்த்துப் பார்த்தால், தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிக்கலாம். கரையோரத்தில் பெரும்பாலும் கடலையோ கால்வாயையோ நோக்கிப் போகும். பக்கத்து அடுக்குமாடியின் குழாய்க்கிணறு பலமாக இறைத்தால் திசையே மாறும்.

படலம் தெரிகிறதா?

கொழும்பின் சிவந்த கபுக் மண்ணில் இரும்பு அதிகம். அதனால் வளரும் பக்ரீரியாவும் வானவில் நிறப் படலம் போடும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் பலர், நானும்தான். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடி உடைந்ததுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து நின்றால் பெரும்பாலும் பக்ரீரியா. சுழன்று திரும்ப ஒன்று சேர்ந்தால் எண்ணெய்.

மணம் பலமாக இருந்தால் கிணற்றுக்குள் இறங்கவே கூடாது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும். பம்பின் சுவிட்சைத் தொடாதீர்கள். கிணற்றடியில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் வேண்டாம்.

மாதிரி எடுப்பது

முதல் தடவை நான் சோடாப் போத்தலில் முக்கால்வாசி நிரப்பிக் கொண்டுபோனேன். ஆய்வுகூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரிதான்: மேலே காற்று இருந்தால் பென்சீன் அதற்குள் பறந்துவிடும்.

ஆய்வுகூடத்திலிருந்தே 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பிகளைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே சில துளி அமிலம் இருக்கும், கழுவி ஊற்றிவிடாதீர்கள். அன்று காலை மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்த கையோடு வரக்கூடாது. புதுக் கையுறை போடுங்கள். குழாய்க்கிணறானால் தேங்கிய நீரை முதலில் வெளியேற்றுங்கள். 4 அங்குலக் குழாயில் ஒரு மீற்றருக்குச் சுமார் 8 லீற்றர் நிற்கும். மொத்தத்தைப்போல மூன்று மடங்கு இறைத்தால் போதும். அப்புறம் குப்பியைச் சரித்து, நுரைக்காமல், விளிம்பில் நீர் குவியும்வரை நிரப்பி மூடுங்கள். கவிழ்த்துத் தட்டினால் ஒரு குமிழிகூட வரக்கூடாது. வந்தால் இன்னொரு குப்பி. பெயர், நேரம் எழுதி ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

என்ன கேட்பது

வழமையான குடிநீர்ப் பரிசோதனையில் பென்சீன் இராது. ‘எண்ணெயும் கொழுப்பும்’ பரிசோதனையும் உதவாது, அதில் காய்ச்சி உலர்த்தும்போதே பெற்றோல் பறந்துவிடும். பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன், கூடவே மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் நல்லது. காசு இடம் கொடுக்காவிட்டால் மாசியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று.

பென்சீன் அந்த 0.01-ஐத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் நிறுத்துங்கள். கொதிக்கவைத்தால் ஆவி குசினிக்குள்தான் பரவும். இன்னொரு மாதிரி எடுத்து உறுதிப்படுத்திக்கொண்டு, கொப்பியின் பிரதியோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் எழுத்தில் கொடுங்கள்.