மைதானமும் பள்ளிக்கூடமும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாவட்ட அணியில் பிள்ளைக்கு இடம் கிடைத்த அன்று தெருவுக்கே இனிப்பு கொடுக்கிறோம். அதே வருடம் காலாண்டில் கணக்கு மார்க் இறங்கினால், உடனே பயிற்சியில் கை வைக்கிறோம். "எண்பது வாங்கினால்தான் கிரவுண்டுக்குப் போகலாம்." பெற்றோர் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான் என்பேன். அன்றிலிருந்து பிள்ளைக்குப் புத்தகத்தைக் கண்டாலே வெறுப்பு. தான் நேசிக்கும் ஒன்றைப் பறிக்க வந்த சாமானாக அது தெரிகிறது. மார்க் ஏன் குறைந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் காரணம் சாதாரணமாக இருக்கும். போட்டிக்குப் போன வாரத்தில் அல்ஜீப்ரா தொடங்கியிருப்பார்கள், அந்தப் பாடம் விட்டுப்போயிருக்கும். நண்பனின் நோட்டை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரிடமோ அக்காவிடமோ உட்கார்ந்தால் தீர்ந்துவிடும். பயிற்சியை நிறுத்துவதால் அல்ஜீப்ரா புரியப்போவதில்லை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: விளையாட்டுக்காகப் படிப்பையே நிறுத்திவிடுவது. "குகேஷ் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாராமே!" உண்மைதான், நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை, 2024இல் 18 வயதில் உலக சதுரங்க சாம்பியன் ஆனார். ஆனால் மகனோடு ஊர் ஊராகப் போவதற்காக, மருத்துவரான அவருடைய தந்தை தன் தொழிலையே ஒதுக்கி வைத்தார். அப்படி எல்லாவற்றையும் விட்டும் ஜெயிக்காமல் போனவர்களைப் பற்றி யாரும் பேட்டி எடுப்பதில்லை. சதுரங்க வீரர் ஆனந்த் லயோலா கல்லூரியில் வணிகவியல் படித்தார், கிரிக்கெட் வீரர் அஸ்வின் பொறியியல் முடித்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். முழுநேரப் பயிற்சி தேவைப்படும் நிலை நிஜமாகவே வந்தால்கூடப் படிப்பை அறுத்துவிட வேண்டாம். என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 10, 12ஆம் வகுப்புப் பாடங்களை ஒவ்வொன்றாக, 5 ஆண்டுகளுக்குள் எழுதி முடிக்கலாம்.

பள்ளியிடம் கடைசி நிமிடத்தில் போய் நிற்பது அடுத்த தவறு. ரயில் ஏறும் முந்தின நாள் ஓ.டி. கடிதம் (போட்டிக்காக வகுப்புக்கு வராததை வருகையாகக் கணக்கிடக் கேட்கும் கடிதம்) நீட்டினால் எந்த வகுப்பாசிரியருக்கும் எரிச்சல் வரும். ஜூன் மாதமே உடற்கல்வி ஆசிரியரோடு உட்கார்ந்து, தெரிந்த போட்டித் தேதிகளைப் பள்ளித் தேர்வு அட்டவணையோடு ஒப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். சி.பி.எஸ்.இ.யில் 75 சதவீத வருகை கட்டாயம். தேசியப் போட்டிக்குப் போனவர்களுக்குத் தளர்வு உண்டு, ஆனால் பள்ளி வழியாகச் சான்றுகளோடு கேட்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் பொதுத்தேர்வைத் தவறவிட்டால் துணைத் தேர்வு இருக்கிறது. அதனால் தேதி மோதினாலே உலகம் முடிந்துவிட்டது என்று பிள்ளையின் முன்னால் புலம்பாதீர்கள்.

அப்புறம் தூக்கம். நாலரைக்கு எழுந்து ஐந்தரைக்கு மைதானம், எட்டரைக்குப் பள்ளி, மாலை ஐந்துக்கு மறுபடி பயிற்சி, ஏழரைக்கு டியூஷன், பத்துக்கு வீட்டுப்பாடம், பதினொன்றுக்குப் படுக்கை. ஐந்தரை மணி நேரம்தான் மிஞ்சுகிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை. ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும் என்றால் டியூஷனை விடுங்கள், அல்லது வாரத்தில் இரண்டு காலைப் பயிற்சியை. இன்னொரு கணக்கும் பயன்படும்: வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் வழிகாட்டி. 12 வயதுக்கு 12 மணி நேரம். வளரும் வயதில் முட்டிச்சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், "சோம்பேறித்தனம்" என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சி கூடிய பிறகு மகளுக்கு மாதவிடாய் நின்றுபோனால், அதை "விளையாடுற பொண்ணுங்களுக்கு சகஜம்" என்று விடவே கூடாது. சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

ஜிம் கடைக்காரர் சொன்னார் என்று புரோட்டீன் மாவு டப்பா வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. அதில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருக்கலாம். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், உடம்பில் இருந்ததற்கு விளையாடுபவரே பொறுப்பு. "அப்பாதான் கொடுத்தார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

தோற்ற ஆட்டத்தை வீடு திரும்பும் வழியில் அலசாதீர்கள். பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எங்கும் எழுந்து போக முடியாது; ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதுகொண்டு வரும். பேக்ஹேண்ட் ஏன் வெளியே போனது என்று கோச் நாளைக்குச் சொல்வார். "பசிக்குதா, எங்கேயாவது நிறுத்தவா?" என்று கேட்டால் போதும். பேச வேண்டும் என்றால் பிள்ளையே பேசட்டும்.

கடைசியாக, காகிதங்கள். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர்களை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். எலும்பு வயதுச் சோதனை நடத்தும் அமைப்புகள் உண்டு, தடையைச் சுமப்பது பிள்ளைதான். உண்மையான சான்றிதழ்களையோ முதல் போட்டியிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் இருக்கின்றன, அரசு வேலையிலும் ஒதுக்கீடு இருக்கிறது. அங்கெல்லாம் மெடலை யாரும் கேட்பதில்லை, சங்கச் செயலாளர் கையெழுத்திட்ட படிவத்தைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கையெழுத்தைப் போட்டி முடிந்த வாரமே வாங்கிவிடுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தேடிப் போனால், அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கக்கூடும்.